டிராக்டர் டயருக்கு எவ்வளவு காற்று? கம்ப்ரஸர் வாங்கும் முன் கவனியுங்கள்

சென்னை மந்தைவெளியில் வீடு, மதுராந்தகம் பக்கம் நிலம் என்று வாரக் கடைசியில் ஊருக்குப் போய்வரும் விவசாயிகள் பலர். நகரத்தில் இருக்கும்வரை டயர் காற்றைப் பற்றிக் கவலை இல்லை. பெட்ரோல் பங்க்கில் இலவசமாகவே அடித்துக்கொள்ளலாம். வயலில் நிற்கும் டிராக்டருக்கு அந்த வசதி கிடையாது. பஞ்சர் கடை நான்கைந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தால், காற்று குறைந்த டயரோடு அங்கே போய்ச் சேருவதற்குள் டியூப் வீணாகிவிடும். அதனால்தான் கையில் எடுத்துச் செல்லும் சிறிய ஏர் கம்ப்ரஸரை இப்போது பலரும் வாங்குகிறார்கள். காருக்கு வாங்கியதே டிராக்டருக்கும் போதும் என்று நினைத்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

காற்று அளவில் என்ன இருக்கிறது?

தொடக்க காலத்து டிராக்டர்களுக்கு இரும்புச் சக்கரம்தான். 1932-ல் அமெரிக்காவின் ஆலிஸ் சால்மர்ஸ் நிறுவனம் காற்று நிரப்பிய ரப்பர் டயருடன் டிராக்டரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அன்று முதல், மண்ணில் விழும் பாரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் ஓரளவு நம் கைக்கு வந்தது. டயருக்குள் எவ்வளவு அழுத்தம் இருக்கிறதோ, ஏறக்குறைய அதே அழுத்தம் மேல்மண்ணிலும் விழும். காற்றை அதிகமாக அடித்து உழுதால் மண் இறுகும். வேர் இறங்காது, மழைநீரும் உள்ளே போகாது. சக்கரம் வழுக்குவதால் டீசலும் கூடுதலாகச் செலவாகும்.

பொதுவாகப் பின்சக்கரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.8 முதல் 1.5 கிலோ வரை, அதாவது சுமார் 11 முதல் 21 பி.எஸ்.ஐ. காற்று சொல்லப்படுகிறது. முன்சக்கரத்துக்கு 1.5 முதல் 2.5 கிலோ, அதாவது 21 முதல் 35 பி.எஸ்.ஐ. உழவுக்கு இதில் குறைந்த அளவும், டிரெய்லர் இழுத்துச் சாலையில் ஓட அதிக அளவும் பொருந்தும். உங்கள் டிராக்டருக்கு உரிய சரியான அளவை அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். வயலுக்குக் குறைத்த காற்றோடு நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லரை இழுக்கக் கூடாது. டயர் சூடேறும்; ரிம்மில் டயர் நகர்ந்து டியூபின் வால்வு கிழியும். காற்றைக் குறைப்பது எளிது, திரும்ப ஏற்றுவதுதான் சிரமம். கம்ப்ரஸரின் உண்மையான பயன் இங்கேதான்.

பி.எஸ்.ஐ.யைப் பார்க்காதீர்கள், லிட்டரைப் பாருங்கள்

பெட்டியின் மேல் 150 பி.எஸ்.ஐ. என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். 35 பி.எஸ்.ஐ.க்கு மேல் தேவைப்படாத டிராக்டருக்கு அதனால் என்ன லாபம்? நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று தள்ளும் என்பதைக் கேளுங்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். கார் டயரின் உள்கொள்ளளவு சுமார் 35 லிட்டர். அதில் 10 பி.எஸ்.ஐ. ஏற்ற ஏறக்குறைய 24 லிட்டர் காற்று போதும். தண்ணீர் நிரப்பாத 13.6-28 அளவுள்ள டிராக்டர் பின்டயர் சுமார் 200 லிட்டர் கொள்ளும். அதே 10 பி.எஸ்.ஐ.க்கு 140 லிட்டர் வேண்டும். நிமிடத்துக்கு 30 லிட்டர் என்று போட்டிருக்கும் கருவி, அழுத்தம் ஏற ஏற அதைவிடக் குறைவாகவே தள்ளும். ஒரு சக்கரத்துக்கே எட்டு, பத்து நிமிடம் பிடிக்கும். சிறிய கருவிகளைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டக் கூடாது. ஒரு சக்கரம் முடிந்ததும் ஆறவிட்டு, பிறகு அடுத்ததற்குப் போங்கள். டிராக்டருக்கென்றே வாங்குவதானால் நிமிடத்துக்கு 70 லிட்டருக்கு மேல் தரும் கருவி நல்லது. டூவீலர், கார், குட்டி யானை மட்டும் என்றால் சிறியதே போதும்.

எந்த வகை?

கார் சாக்கெட்டில் செருகும் வகைக்கு 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கும். அதற்கு மேல் மின்சாரம் இழுக்கும் கருவியைச் செருகினால் ஃபியூஸ் போய்விடும். பல டிராக்டர்களில் அந்தச் சாக்கெட்டே கிடையாது. பேட்டரி முனையில் நேராக மாட்டும் கிளிப் உள்ள வகைதான் டிராக்டருக்கு உகந்தது. பேட்டரியிலிருந்து பின்சக்கரம் வரை ஒயரும் டியூபும் எட்டுமா என்பதைக் கடையிலேயே அளந்து பாருங்கள். அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வாகன உதிரிபாகக் கடைகள் நிறைய உண்டு. அங்கே கருவியை ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்கலாம்.

சார்ஜ் செய்து பயன்படுத்தும் லித்தியம் பேட்டரி வகை டூவீலருக்கும் காருக்கும் வசதி. டிராக்டர் பின்டயர் ஒன்றுக்குள்ளேயே அதன் சார்ஜ் தீர்ந்துவிடக்கூடும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் அதை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

பயன்படுத்தும்போது

காலையில், வண்டி ஓடுவதற்கு முன் காற்றை அளந்து பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றைத் திறந்துவிட்டால் ஆறிய பிறகு குறைவாக இருக்கும்.

பின்டயரில் தண்ணீர் நிரப்பியிருந்தால் வால்வு மேல்பக்கம் வரும்படி சக்கரத்தை நிறுத்திய பிறகே அளக்கவும் அடிக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் கேஜுக்குள் தண்ணீர் ஏறும்.

பேட்டரி இறங்காமல் இருக்க என்ஜினை ஓடவிட்டுக் காற்று அடிக்கலாம். ஆனால் கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுத்துவிடுங்கள். மூடிய கொட்டகைக்குள் இதைச் செய்ய வேண்டாம். புகை உயிருக்கே ஆபத்து.

டயரின் நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் ஒதுங்கி நில்லுங்கள். குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். டயரை ரிம்மில் உட்கார வைக்கும்போது 35 பி.எஸ்.ஐ.யைத் தாண்டக் கூடாது. அதற்குள் உட்காரவில்லை என்றால் காற்றை இறக்கிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். காற்றே இல்லாமல் சிறிது தூரம் ஓடிய டயரையும், கழற்றி உள்ளே பார்க்காமல் நிரப்ப வேண்டாம்.

கருவி வாங்கும்போது தனியாக ஒரு நல்ல கேஜும் சேர்த்து வாங்குங்கள். இந்தச் சம்பா உழவுக்கு முன் நான்கு சக்கரத்தையும் ஒருமுறை அளந்து, கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.