வழக்கு விவரம் பள்ளிக்கு எதற்கு?

வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம். செப்டம்பர் 8 வரை ஊர் கொள்ளாத கூட்டம். அந்த நெரிசலில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் செல்போன் திருடியதாகப் பிடிபடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். உள்ளூர்ப் பையன். சில நாள் கழித்துப் பள்ளிக்குத் திரும்புகிறான். அவன் மீதுள்ள வழக்கைப் பற்றிப் போலீஸோ நீதிமன்றமோ தலைமையாசிரியருக்கு எழுதி அனுப்பலாமா?

கூடாது என்கிறது சட்டம். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, பிடிபட்ட சிறுவனை 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சத் தண்டனை 3 ஆண்டு என்பதால் அது சிறு குற்றம். கூட்டாளியாகப் பெரியவர்கள் யாரும் இல்லையென்றால் எஃப்.ஐ.ஆர். போடுவதில்லை, ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில் எழுதுவதோடு சரி. வழக்கு நடந்துகொண்டிருந்தாலும் முடிந்துவிட்டாலும், நன்னடத்தைச் சான்றுக்காகவோ வேறு எதற்காகவோ போலீஸ் அந்தப் பதிவைக் காட்டக் கூடாது என்கிறது பிரிவு 74. குழுமத்தின் முன் வரும் அறிக்கைகள் ரகசியம் என்கிறது பிரிவு 99. குற்றம் உறுதியானாலும் அதனால் அவனுக்கு எந்தத் தகுதிக்குறைவும் வராது. பதிவுகளை உரிய காலத்தில் அழித்துவிட வேண்டும் என்கிறது பிரிவு 24. 16 வயது கடந்து, கொடுங்குற்றத்துக்காகப் பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்டவர்கள் மட்டும் இதற்கு விலக்கு.

ஆனால் நடைமுறையில் செய்தி கசிவது இந்தக் காகிதங்கள் வழியாக அல்ல. குழுமம் கேட்கும் சமூக விசாரணை அறிக்கையை 15 நாளில் தர வேண்டும். அதில் பையனின் படிப்பு, நண்பர்கள், பள்ளியை விட்டிருந்தால் அதன் காரணம் எல்லாம் வரும். இதற்காக நன்னடத்தை அலுவலர் பள்ளிப் படியேறி வகுப்பாசிரியரிடம் பேசுவார். அவர் எவ்வளவு பக்குவமாகக் கேட்டாலும், மதியச் சாப்பாட்டு வேளைக்குள் ஆசிரியர் அறை முழுக்கத் தெரிந்துவிடும். மாலையில் பெற்றோர் வாட்ஸ்அப் குழு. சிறுவனின் பெயர், முகவரி, பள்ளி ஆகியவற்றைப் பத்திரிகையில் மட்டுமல்ல, ‘பிற தகவல்தொடர்பு வடிவங்கள்’ எதிலும் வெளியிடக் கூடாது என்று பிரிவு 74 சொல்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது தெரியாமலேதான் பலர் ஃபார்வர்டு செய்கிறார்கள்.

2022 மே மாதம் பள்ளிக்கல்வி அமைச்சர் அன்பில் மகேஷ் பொய்யாமொழி சட்டப்பேரவையில் ஓர் அறிவிப்பு செய்தார்: ஆசிரியர்களிடம் ஒழுங்கீனமாக நடக்கும் மாணவர்களை நிரந்தரமாக நீக்கி, டி.சி.யிலும் நன்னடத்தைச் சான்றிலும் காரணத்தை எழுதுவோம் என்றார். அப்போது வகுப்பறைகளில் எடுத்த வீடியோக்கள் பரவிக்கொண்டிருந்தன. ஆசிரியர்களின் வேதனை பொய்யல்ல. ஆனாலும் அந்த யோசனை தவறு என்றே நினைக்கிறேன். வழக்கில் சிக்கியவனின் பதிவையே அழிக்கச் சொல்லும் நாட்டில், வழக்கே இல்லாத பையனின் டி.சி.யில் அழியாத வரி ஒன்றை எப்படி எழுதுவது? எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கவே கூடாது என்று கல்வி உரிமைச் சட்டமும் சொல்கிறது.

வழக்கு விவரம் பள்ளிக்குத் தெரிய வேண்டும் என்பவர்களின் வலுவான வாதம் நாங்குநேரி. 2023 ஆகஸ்டில் அங்கே பட்டியல் சாதி மாணவர் ஒருவரை, உடன் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். அப்படிப்பட்ட வழக்கில் இரு தரப்பும் மறுபடி ஒரே பள்ளி வாசலில் நிற்கலாமா? நிற்கக் கூடாது. அதற்குச் சட்டத்திலேயே வழி உண்டு: குறிப்பிட்ட இடத்துக்குப் போகக் கூடாது என்று குழுமம் உத்தரவிடலாம், பள்ளிக்குப் போகவேண்டும் என்றும் உத்தரவிடலாம். பாதிக்கப்பட்ட பிள்ளையைக் காக்கத் தேவை அந்த உத்தரவு. வழக்குக் கட்டு முழுவதையும் பள்ளிக்கு அனுப்ப வேண்டியதில்லை. நாங்குநேரிக்குப் பின் அமைந்த நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் பள்ளி நல அலுவலர் பணியிடங்களைப் பரிந்துரைத்தது. அப்படி ஒருவர் இருந்தால் நன்னடத்தை அலுவலர் ஆசிரியர் அறைக்கே போகாமல் அவரிடம் மட்டும் பேசிவிடலாம்.

அமெரிக்காவின் டெக்சாஸில் நேர்மாறான சட்டம். மாணவர் கைதானால், சட்டம் பட்டியலிடும் குற்றங்களுக்கு, 24 மணி நேரத்துக்குள் போலீஸ் பள்ளி நிர்வாகத்துக்குச் சொல்லியாக வேண்டும். ஃபுளோரிடாவின் பாஸ்கோ கவுண்டியில் தகவல் பள்ளியிலிருந்தும் போலீஸுக்குப் போனது: மதிப்பெண்ணும் வருகைப் பதிவும் பார்த்து, நாளைய குற்றவாளிகள் என்று பிள்ளைகளைப் பட்டியல் போட்டார்கள். 2020-இல் ‘டாம்பா பே டைம்ஸ்’ பத்திரிகை இதை அம்பலப்படுத்தி, மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது.

நம் ஊரில் ஒரு பிள்ளையின் டி.சி.யிலோ நன்னடத்தைச் சான்றிலோ வழக்கைப் பற்றி ஒரு வரி எழுதப்பட்டால், பெற்றோர் அதை வாங்கிக்கொண்டு பேசாமல் போக வேண்டியதில்லை. நகல் எடுத்து, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச வழக்கறிஞர் மூலம் இளைஞர் நீதிக் குழுமத்திடமே முறையிடலாம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் அழைக்கலாம்.