"புரியவில்லை, சார்!"

உங்களில் சிலர் நாளை ஆசிரியராக விரும்பலாம். மேலூரிலோ உசிலம்பட்டியிலோ உங்களுக்கு ஒரு வகுப்பறை கிடைக்கிறது. அங்கே கணிப்பொறியும் பெரிய திரையும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பாடத்தைத் திரையே காட்டிவிடும். பிறகு உங்களுக்கு என்ன வேலை?

இந்தக் கேள்வி பழையது. 1975 ஆகஸ்டு 1 முதல் ஓராண்டு, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. தமிழகத்தில் 2019-இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 2020-இல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது அது வீட்டுக்கே பாடத்தைக் கொண்டுவந்தது. பெரிய உதவிதான். ஆனால் "புரியவில்லை, சார்!" என்ற குரல் தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கேட்காது அல்லவா?

ஒரு சோதனை செய்வோம். 1 மீட்டர் நூலில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, மெல்ல ஆட்டுங்கள். ஒருமுறை சென்று திரும்புவது ஓர் அலைவு. 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தைக் கைப்பேசியில் அளந்தால், ஏறக்குறைய 40 வினாடி வரும். நூலைப் பாதியாக்கினால்?

"20 வினாடி" என்று பலர் சொல்வார்கள். அளந்தாலோ சுமார் 28 வினாடி!

கைப்பேசி 28 என்று சரியாகக் காட்டும். நீங்கள் 20 என்று எண்ணியது அதற்குத் தெரியாது. அளப்பதற்கு முன் உங்களை ஊகிக்கச் சொல்லி, ஊகம் எங்கே பிசகியது என்று தேடுபவரே ஆசிரியர். கருவி அவர் கையில் இருக்கட்டும். அவர் இடத்தில் வேண்டாம்.

சரி, 20 வினாடி வர நூலின் நீளம் எவ்வளவு இருக்க வேண்டும்? முதலில் ஊகியுங்கள், பிறகு அளந்து பாருங்கள்.