உங்களுக்குத் தெரியுமா? டயாலிசிஸ்காரர் தட்டில் முட்டை

● 'பருப்பு, கறி, முட்டை எல்லாத்தையும் குறைங்க' என்று வருடக்கணக்கில் சொன்ன அதே டாக்டர், டயாலிசிஸ் ஆரம்பித்ததும் 'நல்லா சாப்பிடுங்க' என்பார். வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் கணக்கு உண்மையிலேயே மாறிவிடுகிறது. டயாலிசிஸுக்கு முந்தைய கட்டத்தில் 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்கு 36 கிராம் புரதம்தான் வரம்பு (கிலோவுக்கு 0.6, சர்க்கரை நோயாளிக்குக் கொஞ்சம் கூடலாம்). டயாலிசிஸ் வந்தபின் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம். அதாவது 60 முதல் 72 கிராம் வரை!

● காரணம் மெஷினில் இருக்கிறது. அதன் வடிகட்டிக்குக் கழிவு எது, சத்து எது என்று தெரியாது. யூரியாவைப் போலவே அமினோ அமிலமும் சின்ன மூலக்கூறு. இரண்டும் சேர்ந்தே வெளியேறும். ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய 6 முதல் 12 கிராம் அமினோ அமிலம் போகும். ஒன்றிரண்டு முட்டையின் புரதம் அது. சாப்பாட்டில் ஈடுகட்டாவிட்டால் உடம்பு சொந்தத் தசையைக் கரைத்து எடுத்துக்கொள்ளும்.

● வயிற்று வழியாகச் செய்யும் டயாலிசிஸில் ஆல்புமின் உள்ளிட்ட முழுப் புரதமே கசியும். தினமும் 5 முதல் 15 கிராம். வயிற்றில் கிருமி தொற்றினால் இன்னும் அதிகம்.

● 'கிரியேட்டினின் குறைஞ்சிருக்கு' என்று ரிப்போர்ட்டைப் பார்த்துக் கோயிலுக்கு ஓடுகிறவர்கள் உண்டு. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. ஒழுங்காகச் சாப்பிடாத டயாலிசிஸ் நோயாளிக்கு அது குறைகிறதென்றால், தசை கரைகிறதோ என்றுதான் முதலில் பார்க்கவேண்டும்.

● புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் தொல்லை பாஸ்பரஸ். அரிப்பு, எலும்புத் தேய்மானம் எல்லாம் அது ஏறுவதால் வருபவை. முட்டையில் பாஸ்பரஸ் கிட்டத்தட்ட முழுக்க மஞ்சள் கருவில்தான். ஒரு வெள்ளைக்கருவில் சுமார் 3.5 கிராம் புரதமும் வெறும் 5 மில்லிகிராம் பாஸ்பரஸும். பாஸ்பரஸைப் பிடித்துக்கொள்ளும் மாத்திரையைச் சாப்பாட்டோடு போடவேண்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் போட்டால் பிடிப்பதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது.

● சைவர்கள் பயப்படவேண்டாம். பருப்பின் பாஸ்பரஸ் பெரும்பாலும் ஃபைட்டேட் வடிவில் இருப்பதால் குடல் அதில் பாதியைக்கூட உறிஞ்சாது. பதப்படுத்திய இறைச்சியிலும் கோலாவிலும் சேர்க்கிற பாஸ்பேட்டோ அநேகமாக முழுதும் இரத்தத்தில் சேர்ந்துவிடும். பருப்பில் பொட்டாசியம் இருக்கிறது என்பதை மட்டும் மறக்கக்கூடாது. அளவை டயட்டீஷியன் சொல்லட்டும்.

● புரதத்தைக் கணக்கிடும்போது காலையில் வீங்கிய முகத்தோடு மெஷின் ஏறுமுன் காட்டும் எடையை எடுக்கக்கூடாது. அதில் இரண்டு மூன்று கிலோ வெறும் தண்ணீராக இருக்கலாம். நீர் வடிந்தபின் உள்ள எடையே கணக்கு.

● கருவாடு? புரதத்தில் அதை அடிக்க ஆளில்லை. உப்பிலும்தான். ஒரு துண்டு தின்றால் வரும் தாகத்துக்குக் குடிக்கிற தண்ணீர், அடுத்த டயாலிசிஸ் வரை உடம்பிலேயே தங்கும்.