வீடு விற்றவரின் தட்டுமுட்டுச் சாமான்கள்

நகரங்களில் ஒரு வீட்டை விற்று மற்றொரு வீட்டுக்குக் குடிபோவோர் பலர். பெற்றோர் காலத்து ஓட்டு வீட்டை விற்று அடுக்குமாடியில் ஒரு பகுதியை வாங்குவோரும், உத்தியோகத்தின் பொருட்டு ஊர் விட்டு ஊர் செல்வோரும், பாகப்பிரிவினையால் பூர்வீக வீட்டைக் கைவிட நேர்ந்தோரும் இவர்களுள் அடங்குவர். இவர்கள் எல்லோருக்கும் பொதுவான சங்கடம் ஒன்று உண்டு. விற்ற வீட்டைக் காலி செய்யவேண்டிய நாளும், வாங்கிய வீட்டில் பால் காய்ச்சும் நாளும் ஒன்றாக அமைவது அரிது. கிரயப் பத்திரம் ஆனியில் பதிவாகிறது. ஆடியில் குடிபோகலாகாது என்று வீட்டுப் பெரியவர்கள் தடுக்கிறார்கள். ஆவணி பிறந்தாலோ, வேலை இன்னும் முடியவில்லை என்று கட்டடக்காரர் கைவிரிக்கிறார். இந்த இடைக்காலத்தில் மனிதர்கள் எங்கேனும் ஒண்டிக்கொள்ளலாம். கட்டிலும் பீரோவும் பித்தளை அண்டாவும் எங்கே போகும்?

முன்னாளில் இக்கேள்விக்கு உறவினர் வீட்டுப் பரணும் அண்டை வீட்டுத் தாழ்வாரமும் விடை கூறின. இன்று உறவினரும் இரண்டு அறைகளில் வாழ்கிறார். ஆகவே, மாத வாடகைக்கு வீட்டுச் சாமான்களை வைத்துக் காக்கும் கிடங்குகள் பெருநகரங்களில் தோன்றியிருக்கின்றன. காலத்தின் தேவையை ஒட்டி எழுந்த இத்தொழிலை நாம் குறைகூற முன்வரவில்லை. ஆனால், ஆயுட்காலச் சேமிப்பைப் பிறர் பூட்டுக்குள் ஒப்படைக்கும் குடும்பஸ்தனுக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்பது நமது கடமை.

விற்ற வீட்டின் பணத்தைப் பற்றிச் சட்டம் எவ்வளவு கரிசனம் காட்டுகிறது என்பதைப் பாருங்கள். விற்றதனால் வந்த லாபத்தை 2 ஆண்டுகளுக்குள் வேறு வீடு வாங்கியோ, 3 ஆண்டுகளுக்குள் கட்டியோ செலவிட்டால் வருமான வரியில் சலுகை உண்டு. வீடு அமையுமுன் வரிக்கணக்குக் கொடுக்கும் கெடு வந்துவிட்டால், அப்பணத்தை வங்கியில் தனிக்கணக்கில் போட்டுவைக்க 1988ஆம் ஆண்டுத் திட்டம் ஒன்று இடமளிக்கிறது. கட்டடக்காரர் குறித்த காலத்தில் வீட்டைக் கொடாவிட்டால், வாங்கியவர் விலகிக்கொண்டு பணத்தை வட்டியுடன் திரும்பப் பெறலாம்; விலகாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி பெறலாம் என்று 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 18ஆம் பிரிவு கூறுகிறது. இரண்டு வீடுகளுக்கு இடையே ஒரு காலம் உண்டு என்பதைச் சர்க்கார் நன்கு அறிந்திருக்கிறார்கள். பணத்துக்கு அக்காலத்தில் பந்தோபஸ்து செய்தவர்கள், பண்டத்துக்கு என்ன செய்தார்கள்?

பெரும்பாலும் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமே இன்றும் நமக்குத் துணை. பிறர் பொருளை ஒப்புக்கொண்டவர், சாதாரண விவேகமுள்ள மனிதன் தன் பொருளைக் காப்பதைப்போல அதைக் காக்கவேண்டும் என்று அதன் 151ஆம் பிரிவு விதிக்கிறது. நல்ல விதிதான். ஆனால் கிடங்குக்காரர் நீட்டும் அச்சடித்த தாளில், ஈரத்துக்கும் எலிக்கும் கரையானுக்கும் வெள்ளத்துக்கும் தாம் பொறுப்பல்ல என்று ஷரத்துக்கள் அடுக்கப்பட்டிருந்தால், அதைப் படியாமல் கையெழுத்திட்டவர் கோர்ட்டு வாசலில்தான் உண்மையை உணர்வார்.

பண்டசாலை தமிழருக்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் குவிந்த பண்டங்களுக்குச் சோழர் புலி முத்திரை பதித்துக் காவலிட்டதைப் பட்டினப்பாலை சொல்லும். சுதந்திர இந்தியாவிலும் 1957ல் மத்திய சேமிப்புக் கிடங்கு நிறுவனமும், 1958ல் தமிழ்நாட்டு நிறுவனமும் ஏற்பட்டன. 2007ல் கிடங்குகளுக்கென்றே ஒரு சட்டமும் இயற்றப்பட்டது. ஆயினும் இவையாவும் நெல்லையும் பருத்தியையும், அவற்றின்மீது கடன் பெறும் விவசாயியையும் வியாபாரியையும் முக்கியமாக மனத்திற் கொண்டவை. குடும்பஸ்தனின் கட்டில் அவற்றின் கண்ணில் படவில்லை.

சட்டம் வரும் வரையில் ஜனங்கள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ள வேண்டும். முதலாவது, கிடங்கைத் தேடுமுன் கிரய உடன்படிக்கையைக் கவனிக்கவேண்டும். வாங்குபவர் இணங்கினால், பதிவுக்குப் பிறகும் சில வாரங்கள் வாடகை கொடுத்து அதே வீட்டில் இருந்துவர எழுத்தில் ஏற்பாடு செய்துகொள்ளலாம். இரண்டாவது, கிடங்கை நேரில் சென்று பார்க்கவேண்டும். 2015ஆம் ஆண்டு வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொணர்ந்த வெள்ளத்தையும் கண்ட சென்னைவாசிகள், ஐப்பசி கார்த்திகையில் தாழ்ந்த நிலத்துக் கிடங்கின் தரைத்தளத்தில் சாமான்களை வைக்கத் துணியலாகாது. மூன்றாவது, ஒவ்வொரு பொருளையும் படமெடுத்து, ஜாபிதா எழுதி, இரு தரப்பாரும் கையெழுத்திடவேண்டும். வண்டியில் ஏற்றி இறக்கும் காலத்துக்குச் செய்த இன்ஷூரன்ஸ் கிடங்கில் கிடக்கும் காலத்தையும் காக்கும் என்று எண்ணிவிடக்கூடாது. வாடகை பாக்கி நின்றால் எத்தனை நாளில், எத்தகைய நோட்டீஸின் பேரில் சாமானை விற்பார்கள் என்பதையும் கேட்டுத் தெளியவேண்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஓராண்டு வாடகை சாமானின் விலையையே விழுங்கிவிடுமானால், அதை விற்றுவிடுவதோ இல்லாதோர்க்குக் கொடுப்பதோ மேல். குளிர்பதனப் பெட்டியை நன்றாக உலர்த்திக் கதவைச் சற்றே திறந்துவைத்து அனுப்பவேண்டும். தானியமும் எரிவாயு உருளையும் அனுப்பலாகாது. நகையும் தாய்ப்பத்திரங்களும் ஒருநாளும் கிடங்கு ஏறக்கூடாது.

இப்படிக் கழிக்கும்பொழுது முதலில் பலியாவது பழங்காகிதம். வாடகைக்குப் பயந்து, பாட்டனாரின் கடிதக் கட்டுகளும், பழைய பத்திரிகைத் தொகுதிகளும், துண்டுப் பிரசுரங்களும் எடைக்குப் போடப்படுகின்றன. தேசத்தின் சரித்திரம் சர்க்கார் தஸ்தாவேஜுகளில் மட்டும் இல்லை. வீட்டுப் பரண்களிலும் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தம் வாழ்நாளெல்லாம் இத்தகைய அச்சுச் செல்வத்தைத் தேடிச் சேர்த்தார். 1992ல் அவர் மறைந்த பின், அத்தொகுப்பு சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் காக்கப்பட்டு, சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகமாக விளங்குகிறது. எடைக்காரரை அழைக்குமுன் ஒரு நூலகத்தாரை அழைப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

சர்க்காருக்கு நாம் கூறுவது இது. வீட்டுச் சாமான் கிடங்குகளைப் பதிவு செய்யவேண்டும். ரசீதுக்கும் ஒப்பந்தத்துக்கும் பொது மாதிரி வகுக்கவேண்டும். தீக்கும் வெள்ளத்துக்கும் இன்ஷூரன்ஸ் கட்டாயமாக்கவேண்டும். ஏலம் போடுமுன் போதிய அவகாசம் விதிக்கவேண்டும். இவற்றுள் எதுவும் நேர்மையான தொழில்காரரைப் பாதிக்காது, நேர்மையற்றவரையே உறுத்தும். ஜனங்களும் அசட்டையாயிருத்தல் தகாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, தாம் வசிக்கும் இடத்திலேயே புகார் தொடுக்கவும், நியாயமற்ற ஒப்பந்தத்தை மாநில ஆணையத்தின் முன் எதிர்க்கவும் உரிமை உண்டு. குடியிருப்போர் சங்கங்கள் இவ்வுரிமைகளைத் தம் அங்கத்தினருக்கு எடுத்துச் சொல்லி, பாதிக்கப்பட்டோருக்குத் துணைநிற்கவேண்டும். பணம் போட்டவனுக்கு வங்கியில் கிடைக்கும் நிம்மதி, பண்டம் போட்டவனுக்குக் கிடங்கில் கிடைக்கும் வரையில் இக்கோரிக்கை ஓயலாகாது.