பயணத்துக்கு முன் ஓர் ஊசி

மைசூருக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், கபிலை ஆற்றின் கரையில் அமைந்துள்ளது நஞ்சன்கூடு. நஞ்சுண்ட ஈசன் எழுந்தருளியுள்ள தலம் ஆதலின், பிணி தீர வேண்டி மக்கள் நெடுங்காலமாக அங்கு வருகின்றனர். 1913-இல் அங்கு நிறுவப்பட்ட சத்வைத்தியசாலையின் ஆயுர்வேத மருந்துகளும் பற்பொடியும் ஊரின் பெயரைப் பரப்பின. பிற்காலத்தில் அங்கு தொழிற்பேட்டையும் எழுந்தது.

மருந்துக்குப் பெயர்பெற்ற இவ்வூரே 2020 மார்ச் மாத இறுதியில் ஒரு தொற்று நோயின் பிடியில் சிக்கியது. தொழிற்பேட்டையிலுள்ள மருந்துத் தொழிற்சாலை ஒன்றின் ஊழியருக்குக் கோவிட் நோய் இருப்பது கண்டறியப்பட்டது. சக ஊழியர்களும் அவர்தம் குடும்பத்தினரும் அடுத்தடுத்து நோயுற்றனர். தொழிற்சாலை மூடப்பட்டது, ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் தனிமைப்படுத்தப்பட்டனர். அம்மாதங்களில் மைசூர் மாவட்டத்தில் கண்டறியப்பட்ட தொற்றுகளில் பெரும்பகுதி இந்த ஒரு தொடரைச் சேர்ந்தது. மே மாத நடுவில்தான் மாவட்டம் அந்த முதல் அலையினின்று மீண்டது.

அன்று அந்நோய்க்குத் தடுப்பு ஊசி இல்லை. தொடர்பில் இருந்தவர்களைத் தேடிக் கண்டுபிடித்தல், பரிசோதித்தல், தனிமைப்படுத்தல் ஆகியவையே அரசிடம் இருந்த கருவிகள். நோய் ஊருக்குள் நுழைந்தபின் அதைத் தடுக்க எத்துணை உழைப்பும் இழப்பும் நேரிடும் என்பதற்கு நஞ்சன்கூடு சான்றாயிற்று. தடுப்பு ஊசி உள்ள நோய்களைப் பொறுத்தவரை, அத்தகைய நிலைக்கு இடங்கொடுக்க வேண்டியதில்லை.

மஞ்சள் காய்ச்சல்

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு மஞ்சள் காய்ச்சல் ஆகும். இது மஞ்சள் காமாலையினின்று வேறுபட்டது. ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா ஆகிய கண்டங்களின் வெப்பப் பகுதிகளில் நிலவும் வைரஸ் நோய் இது. கொசுக்கள் இதைப் பரப்புகின்றன. நோய்க்கிருமியை அழிக்கும் தனி மருந்து இதுவரை இல்லை. நீர்ச்சத்துக் குறையாமல் காத்தல், காய்ச்சலைத் தணித்தல் போன்ற துணைச் சிகிச்சைகளே அளிக்கப்படுகின்றன. ஆனால் மாக்ஸ் தைலர் 1937-இல் உருவாக்கிய தடுப்பு மருந்து உண்டு. அதற்காக அவர் 1951-இல் நோபல் பரிசு பெற்றார்.

இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் இல்லை. ஆயினும் அதைப் பரப்பவல்ல ஏடிஸ் எகிப்தி கொசு இங்கு ஏராளமாக உள்ளது. டெங்குவைப் பரப்புவதும் அதே கொசுதான். நம் மக்களுள் மிகப் பெரும்பாலோருக்கு இந்நோயை எதிர்க்கும் ஆற்றல் இல்லை. கொசுவும் உண்டு, நோய்க்கு ஆளாகக்கூடிய மக்களும் உண்டு; கிருமி ஒன்றுதான் இல்லை. அது நோயுற்ற பயணி ஒருவரின் குருதி வழியே வந்து சேரலாம். எனவேதான் அந்நோய் நிலவும் நாடுகளிலிருந்து வருவோரிடம் தடுப்பு ஊசிச் சான்றிதழ் கேட்கப்படுகிறது. உரிய சான்றிதழ் இல்லாதோர் 6 நாட்கள் வரை தனிமையில் வைக்கப்படலாம். நோய் அரும்பும் காலம் பொதுவாக 3 முதல் 6 நாட்கள் என்பதே இதன் காரணம்.

மைசூர் மாவட்டத்துக்கு இது தொலைதூரச் செய்தி அன்று. ஹுன்சூர் வட்டத்தில் வாழும் ஹக்கிப்பிக்கி பழங்குடியினருள் பலர், மூலிகை எண்ணெய் விற்க ஆப்பிரிக்க நாடுகளுக்குச் சென்று வருபவர்கள். 2023 ஏப்ரலில் சூடானில் போர் மூண்டபோது, அங்கு சிக்கிய இந்தியருள் கர்நாடகத்தின் ஹக்கிப்பிக்கி மக்களும் இருந்தனர். ‘ஆபரேஷன் காவேரி’ வாயிலாக இந்தியர் மீட்கப்பட்டனர். முதலில் வந்து சேர்ந்த 1,191 பேரில் 117 பேர், மஞ்சள் காய்ச்சல் தடுப்பு ஊசி போட்டிராததால் தனிமைப்படுத்தப்பட்டனர். போரினின்று உயிர் தப்பி வந்தும் வீடு செல்ல இயலாமல் அவர்கள் காத்திருக்க நேர்ந்தது. புறப்படுமுன் போட்டுக்கொண்ட ஓர் ஊசி அக்காத்திருப்பைத் தவிர்த்திருக்கும்.

பயணி செய்ய வேண்டுவன

இத்தடுப்பு ஊசி அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடப்படுகிறது. சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையம் அவற்றுள் ஒன்று. ஊசி போட்ட 10 நாட்களுக்குப் பின்னரே சான்றிதழ் செல்லுபடியாகும். ஆதலின் கடைசி வாரத்தில் மையத்தை நாடுவது பயன்தராது. முன்னர் 10 ஆண்டுகளுக்கே செல்லத்தக்கதாயிருந்த சான்றிதழ், 2016 ஜூலை முதல் வாழ்நாள் முழுவதற்கும் செல்லும். கைக்குழந்தைகள், கருவுற்றோர், முட்டை ஒவ்வாமை உடையோர், நோய் எதிர்ப்பு ஆற்றல் குன்றியோர் ஆகியோர் முன்னதாகவே மருத்துவரைக் கலந்துகொள்ளுதல் வேண்டும்.

மலேரியாவுக்கான தடுப்பு மாத்திரைகளைப் பயணத்துக்கு முன்பே தொடங்கி, திரும்பிய பின்னரும் மருத்துவர் கூறும் காலம்வரை உட்கொள்ள வேண்டும். ஊர் திரும்பியபின் காய்ச்சல் கண்டால், எந்த நாட்டுக்குச் சென்று வந்தோம் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே கூறுதல் இன்றியமையாதது. அதைக் கூறாவிடில் மலேரியா போன்ற நோய்கள் சாதாரணக் காய்ச்சலாகக் கருதப்பட்டுச் சிகிச்சை தாமதமாகலாம். தாமதம் உயிருக்கே தீங்காக முடியலாம்.

தடுப்பு ஊசிச் சான்றிதழைப் பலர் கடவுச்சீட்டுடன் இணைக்கும் மற்றொரு தாளாகவே கருதுகின்றனர். அது பயணியை மட்டும் காப்பதன்று. அவர் திரும்பி வரும் தெருவையும், தொழிற்சாலையையும், ஊரையும் காப்பது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவோரும், ஊராட்சி அலுவலரும், சுகாதாரப் பணியாளரும் இச்செய்தியைப் புறப்படுவோரிடம் உரிய காலத்தில் சேர்ப்பார்களாயின், நஞ்சன்கூடு பட்ட துன்பம் பிற ஊர்களுக்கு நேராமல் தடுக்கலாம்.