காற்றின் பாரமும் லோட்டஸ் அணியும்

ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயத்தில் 1958 முதல் 1994 வரை ஓடிய பிரிட்டனின் டீம் லோட்டஸ், அணிகளுக்கான உலகப் பட்டத்தை ஏழு முறை வென்றது. ஆயினும் அதன் வரலாற்றில் வெற்றிக் கணக்கைவிடக் கவனிக்கத்தக்கது, ஒரு காரின் எடையை எவ்வளவு குறைக்கலாம் என்ற கேள்வி அந்த அணியை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதே.

அணியை நிறுவிய காலின் சாப்மன் கட்டமைப்புப் பொறியியல் படித்தவராதலால், காரைச் சுமை தாங்கும் கட்டுமானமாகவே பார்த்தார். அக்காலப் பந்தயக் கார்களில் எஃகுக் குழாய்களைப் பற்றவைத்த சட்டகமே சுமையைத் தாங்கியது. மேலே மூடிய தகடு வெறும் போர்வை. 1962இல் வந்த லோட்டஸ் 25இல் அச்சட்டகம் நீக்கப்பட்டு, அலுமினியத் தகடுகளாலான கூடே, முட்டைக்கு ஓடு போல, சுமையை ஏற்றது. 'மோனோகாக்' எனப்படும் இம்முறையால் எடை குறைந்து விறைப்பு கூடியது. மறு ஆண்டே அதை ஓட்டிய ஜிம் கிளார்க் உலகப் பட்டம் வென்றார். 1967இன் லோட்டஸ் 49இல் அக்கூடு ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் முடிந்துவிட, அதனுடன் நேரடியாகப் பிணைக்கப்பட்ட காஸ்வொர்த் எஞ்சினே பின்சக்கரங்களின் பாரத்தையும் சுமந்தது.

இச்சிக்கனத்துக்கு விலையும் இருந்தது. 1969இல் பார்சலோனாவில் உயரமான பின் இறக்கைகள் முறிந்து லோட்டஸின் இரு கார்களும் விபத்துக்குள்ளாயின. 1970இல் மோன்சாவில் பயிற்சியின்போது உயிரிழந்த லோட்டஸ் ஓட்டுநர் யோகன் ரின்ட்டுக்கு, அவ்வாண்டின் பட்டம் மறைவுக்குப் பின்னரே கிடைத்தது. சாப்மனின் கார்கள் எளிதில் உடைபவை என்ற பழியை முற்றிலும் நியாயமற்றது என்று தள்ளிவிட முடியாது.

அணியின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு அதன்பின் வந்தது. வளைவில் திரும்பும் காரைத் தடத்திலிருந்து விலகாமல் பிடித்து வைப்பது டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு. டயரை அழுத்தும் விசை கூடினால் உராய்வும் கூடும். எடையைக் கூட்டி அவ்விசையைப் பெறலாம் என்றாலோ, திருப்ப வேண்டிய நிறையும் சேர்ந்தே கூடிவிடும். எடையில்லாமல் அழுத்தம் தரக்கூடியது காற்று ஒன்றே. குறுகலான வழியில் வேகமெடுக்கும் காற்றின் அழுத்தம் குறையும் என்ற பெர்னூலி தத்துவத்தின்படி, காரின் இரு பக்கப் பெட்டிகளின் அடிப்புறத்தைக் கவிழ்த்த விமான இறக்கை வடிவில் அமைத்தால், அடியில் ஓடும் காற்றின் அழுத்தம் தாழ்ந்து, மேலுள்ள காற்று காரைத் தரையோடு அழுத்தும். அணியின் பொறியாளர் பீட்டர் ரைட் முதலானோர் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் காற்றுச் சுரங்கத்தில் மாதிரி ஒன்றைச் சோதித்தபோது, பக்கப் பெட்டிகள் தொய்ந்து தரையை நெருங்க நெருங்க இவ்விசை பெருகுவதைக் கண்டனர். வெளிக்காற்று உள்ளே புகாதபடி ஓரங்களை அடைத்ததும் அது மேலும் உயர்ந்தது. ஓரங்களில் தரையை உரசும் 'ஸ்கர்ட்' என்ற தடுப்புகள் அதிலிருந்தே பிறந்தன. 'தரை விளைவு' எனப்படும் இம்முறை 1977இல் லோட்டஸ் 78இல் அறிமுகமாகி, அடுத்த ஆண்டு லோட்டஸ் 79இல் முழுமை பெற்றது. அக்கார் ஆறு பந்தயங்களை வெல்ல, மரியோ ஆண்ட்ரெட்டி உலகப் பட்டம் பெற்றார்.

ஆனால், காற்றின் பாரம் கூடக்கூட அதைத் தாங்கும் கூட்டுக்கு விறைப்பும் கூட வேண்டும். எடைக் குறைப்பையே கொள்கையாகக் கொண்டிருந்த லோட்டஸ் அந்த இடத்தில்தான் பின்தங்கியது. அதே தத்துவத்தை எடுத்துக்கொண்டு, இன்னும் விறைப்பான காரைச் செய்த வில்லியம்ஸ் அணி 1979இல் ஐந்து பந்தயங்களை வென்றது. லோட்டஸ் ஒன்றைக்கூட வெல்லவில்லை. தரை விளைவைக் காரின் நீளம் முழுவதற்கும் விரிக்க முயன்ற லோட்டஸ் 80, அடியில் அழுத்தம் நிலையாக நில்லாததால் ஓடும்போதே மேலும் கீழுமாகக் குதித்து, விரைவில் கைவிடப்பட்டது.

சாப்மன் 1982 டிசம்பரில் காலமானார். 1987இல் கணினி கட்டுப்படுத்தும் சஸ்பென்ஷன் கொண்ட காரில் அயர்டன் சென்னா டெட்ராய்ட்டில் பெற்றதே அணியின் கடைசி வெற்றி. 2022இல் ஃபார்முலா ஒன் விதிகள் தரை விளைவுக்கு மீண்டும் இடமளித்தபோது, புதிய கார்கள் பலவும் லோட்டஸ் 80ஐப் போலவே குதித்தன.