செப்டம்பர் கணக்கில் வராத பிள்ளைகள்

காஞ்சிபுரம் மாவட்டத் தொடக்கப் பள்ளிகளில், வீட்டில் இந்தியோ ஒடியாவோ வங்காளமோ பேசும் பிள்ளைகள் சேர்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை வந்தது. அவற்றைச் சுற்றி எழுந்த தொழிற்சாலைகளுக்கும் கட்டடப் பணிகளுக்கும் வெளிமாநில இளைஞர்கள் தனியாக வந்தார்கள். வேலை நிலைத்த சிலர் மனைவி மக்களை அழைத்துக்கொண்டார்கள்.

பிறமொழி பேசுவோர் காஞ்சிபுரத்துக்குப் புதியவர்கள் அல்லர். தெலுங்கும் கன்னடமும் சௌராஷ்டிரமும் பேசும் நெசவுக் குடும்பங்கள் தலைமுறைகளாக இங்கே இருக்கின்றன. பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடிப்போன அனுபவமும் ஊருக்கு உண்டு. கோர்வைச் சேலை நெய்யத் தறியின் ஒரு பக்கத்தில் துணை ஆள் வேண்டும். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காக அந்த இடத்தில் சிறுவர்கள் உட்கார்ந்தார்கள். 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரத்துப் பட்டுத்தறிகளும் இடம்பெற்றன.

அதே முன்பணம்தான் இன்று ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டக் குடும்பங்களைத் தமிழ்நாட்டுச் செங்கல் சூளைகளுக்குக் கொண்டுவருகிறது. தொழிற்சாலைக் குடும்பத்துப் பிள்ளை ஜூனில் சேர்ந்தால் பெரும்பாலும் அடுத்த ஜூனிலும் இருக்கும். சூளைப் பிள்ளையின் நிலை வேறு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகே கல் அறுப்பு தொடங்கும். அடுத்த மழைக்கு முன் சூளை மூடிவிடும். நமது பள்ளி ஆண்டோ ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. நாடு முழுக்கப் பள்ளிகளைக் கணக்கெடுக்கும் யூடைஸ், நீண்ட காலம் செப்டம்பர் 30ஐயே கணக்கு நாளாக வைத்திருந்தது. அந்த நாளில் இந்தப் பிள்ளை இங்கே இன்னும் வரவில்லை. சொந்த ஊர்ப் பள்ளியிலோ பெயர் மட்டும் இருக்கும். ஆகவே சேர்க்கை எண்ணிக்கை ஏறியதா, இறங்கியதா என்பதை மட்டும் வைத்து ஒரு பள்ளியை எடைபோடக் கூடாது. பிப்ரவரியிலும் ஒருமுறை எண்ண வேண்டும்.

சட்டம் பிள்ளையின் பக்கம்தான் நிற்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டப்படி, வயதுச் சான்று இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்ப முடியாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி தர வேண்டும். எட்டு வயதுப் பிள்ளை மூன்றாம் வகுப்பில் உட்காரும். ஆனால் 'அ'வும் தெரியாது. விளையாட்டுத் திடலில் பேச்சுத் தமிழ் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறது, எழுத்துக்குத்தான் காலம் பிடிக்கும். அந்த இடைவெளியை நிரப்ப, தாய்மொழி தெரிந்த ஒருவர் வகுப்பில் இருந்தாக வேண்டும். தமிழ்நாடு பிறமொழிப் பாடநூல்கள் தந்திருப்பதை யுனெஸ்கோவின் 2019 உலகக் கல்வி அறிக்கை குறிப்பிட்டது. நல்ல தொடக்கம், ஆனால் கற்பிக்க ஆளில்லாமல் புத்தகத்தால் என்ன பயன்?

2023 ஆகஸ்ட் 25இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டம் சூளைக் குடும்பங்களுக்குப் பெரிய உதவி. தாயும் தந்தையும் விடியுமுன்பே வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் பள்ளி தொலைவில் இருந்தால், அல்லது தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றால், மூத்த பெண் பிள்ளை குடிசையிலேயே நின்றுவிடுகிறாள். சூளைக்குப் பக்கத்தில் அங்கன்வாடி இருந்தால்தான் அவள் பள்ளிக்கு வருவாள்.

மாற்றுச் சான்றிதழைத் தலைமையாசிரியர் உடனே தர வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 5ஆவது பிரிவு. சூளைக் கணக்கு முடிந்ததும் குடும்பம் ரயிலேறிவிடும். சான்றிதழை ஏப்ரலிலேயே எழுதி, பிள்ளை எந்தப் பாடம் வரை வந்திருக்கிறது என்ற குறிப்பையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால், பலாங்கீர் ஆசிரியர் அங்கிருந்து தொடர்ந்து கற்பிக்க முடியும்.